காலையில் புதைத்தவர்கள்

அறுபத்தொன்பதாம் வருடம் லாவோஸில் அமெரிக்கர்கள் யாரும் இல்லை. அப்படித்தான் அவர்கள் அரசாங்கம் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இல்லாத அந்த அமெரிக்கர்களில் ஒருவரான ஹாலிஸ், எங்கள் பூ கேங் மேட்டில் இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பாக்கெட் சிகரெட் கொடுப்பார். இல்லாத ஆள் கொடுத்த சிகரெட்டை நானும் மறுக்காமல் வாங்கி இழுப்பேன். புகை நன்றாகவே வந்தது.

ஹாலிஸ் ஓட்டியது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். அதில் பெரிய குண்டு எதுவும் கிடையாது. இறக்கைக்கு அடியில் வெள்ளைப் புகை கக்கும் ராக்கெட் நாலைந்து இருக்கும். எந்த இடத்தில் அந்தப் புகை எழுகிறதோ, அந்த இடத்தில் பின்னாலேயே வரும் பெரிய விமானங்கள் குண்டுகளைக் கொட்டிவிட்டுப் போகும். அதன் பிறகு அங்கே புல் முளைக்கவே இரண்டு மழைக்காலம் ஆகும். முன் இருக்கையில் ஹாலிஸ். பின் இருக்கையில் என் தங்கை மாய் ஷுவாவின் புருஷன் நியா சேங். கீழே தெரிகிறவன் நம்ம ஆளா எதிராளியா என்று சொல்லுவதுதான் அவன் வேலை. ஹாலிஸுக்கு மலைக்காரர்களான எங்கள் ஹ்மோங் மொழி தெரியாது. எங்கள் கேப்டனுக்கு ஆங்கிலம் தெரியாது. தரையில் இருக்கும் கேப்டன் அடிக்கலாம் என்று சொன்னால்தான் ஹாலிஸ் புகை ராக்கெட்டை விட முடியும், அது சட்டம். ஆக, அந்தச் சட்டம் முழுக்க என் தங்கை புருஷனின் தொண்டை வழியாகத்தான் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது.

நான் டூ கெர். மேட்டு உச்சியில் பைனாகுலரும் ரேடியோவுமாக உட்கார்ந்திருப்பவன். விடிந்ததும் விமானங்கள் கிளம்புகிற பெரிய தளத்துக்கு வானிலை சொல்ல வேண்டும். மூடுபனி இருந்தால் விமானம் வராது, தெளிந்தால் வரும். பிறகு நாள் முழுக்கப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிர்மேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல கண் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சண்டை யாருடையது என்று இப்போது என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அமெரிக்காவுக்கு ஓர் எதிரி. அந்த எதிரி தன் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று, பல ஆயிரம் மைல் தள்ளி எங்கள் வாசலில் வேலி போட்டது. வேலிக்குக் கம்பு வெட்டவில்லை, எங்களையே வரிசையாக நட்டுவிட்டது. தன் பிள்ளைகளை அனுப்பினால் ஊரில் கேள்வி கேட்பார்கள். எங்கள் பிள்ளைகளைக் கேட்க யார் இருந்தார்கள்? எதிர்மேட்டுத் தாம் ஸே ஊரிலும் இதே கதைதான். அவர்களும் ஹ்மோங். அதே குலப் பெயர்கள், அதே மக்காச்சோளம், அதே பன்றி. அவர்களை வட வியட்நாமின் ஹனோய் நட்டிருந்தது. எங்களுக்கு அரிசி வானத்திலிருந்து விழுந்தது, அவர்களுக்கு யாரோ முதுகில் சுமந்து வந்தார்கள். அதற்காக எங்களைப் பாவம் என்று யாரும் சொல்ல வேண்டாம். வடக்கிலிருந்து வந்தவர்கள் எங்கள் ஊரை எரித்தார்கள், துப்பாக்கி கொடுத்தவனிடம் இரண்டு கையாலும் வாங்கினோம். தெரிந்தேதான் வாங்கினோம்.

நியா சேங் அந்த வேலிக்குள்ளேயும் சிரித்துக்கொண்டே இருந்தவன். ஆள் குள்ளம். விமானத்தில் வெளியே எட்டிப் பார்க்க அரிசி மூட்டையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்காருவான். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் குலம் கேட்பார்கள், அடுத்து எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்பார்கள். குலம் கேட்டால் மூவா என்று உடனே சொல்வான். பிறந்த ஊர் கேட்டால் மட்டும் நழுவுவான்.

"நொங் ஹெட் பக்கம்."

"பக்கம்னா எந்தப் பக்கம் மாப்ளே?"

"பன்னித் தொட்டிக்குப் பக்கம் மச்சான். எங்கம்மாவுக்கு அவசரம், ஊர் பேரெல்லாம் பாக்கல."

கல்யாணத்தில் எங்கள் பக்கம் தூது பேசியவர்களும் இந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சண்டையில் ஊர் ஊராக ஓடியவர்கள் நாங்கள் எல்லோரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் எதிர்மேட்டிலிருந்து மோர்ட்டார் குண்டு வந்து எங்கள் மேட்டில் விழுந்தது. ஐந்து பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் கேப்டன் பாவ் லீயின் அக்கா. தண்ணீர் எடுக்கப் போனவள். புதைத்த பிறகு மூன்று நாள் காலையில் கல்லறைக்குச் சோறும் கோழியும் கொண்டுபோக வேண்டும், அது எங்கள் வழக்கம். மூன்று காலையும் கேப்டன் தானே கூடையைச் சுமந்து நடந்தார். சிப்பாய் யாரையும் தொடவிடவில்லை. திரும்பி வரும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "டூ கெர், அடுத்த தடவை அவனுங்க மோர்ட்டார் கொழாயைத் தூக்கிட்டு வர்றப்பவே நீ பாத்துடணும்."

ஜனவரி பிறந்து பத்து நாள் இருக்கும். காலை எட்டு மணி வாக்கில் பனி கலைந்து எதிர்மேடு தெரிந்தது. சரிவில் நாற்பது பேர் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான்கு பேர் தோளில் நீளமாக ஒன்று, துணி சுற்றியிருந்தது. கொஞ்ச தூரம் போனார்கள், நின்றார்கள். இடது பக்கம் திரும்பினார்கள், திடீரென்று வந்த வழியே கொஞ்சம் வந்தார்கள், மறுபடியும் மேலே ஏறினார்கள். வரிசையின் முன்னால் புகை. இரண்டு மூன்று தடவை துப்பாக்கிச் சத்தமும் கேட்டது.

கேப்டனைக் கூப்பிட்டேன். அவர் பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"பொணமா இருக்குமோ?" என்றார்.

அன்று நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் கேட்கிறது. "காலையிலயா கேப்டன்? நம்ம ஆளுங்க எவன் காலையில பொதைப்பான்? வெயில் சாஞ்ச பொறகுதானே தூக்குவாங்க. அது மோர்ட்டாருங்க. சுத்திச் சுத்திப் போறது நம்ம கண்ணுல படக்கூடாதுன்னுதான்."

வேற்று ஊர்க்காரன் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒருவேளை பிணம் என்று நினைத்திருப்பான். நான் ஹ்மோங், வழக்கம் தெரிந்தவன், அதனால் தப்பாகச் சொன்னேன். ரேடியோவை எடுத்தேன். ஹாலிஸின் விமானம் ஏற்கெனவே பள்ளத்தாக்குக்குள் வந்திருந்தது.

"மாப்ளே, எதிர்மேட்டுல நாப்பது பேரு. நீளமா எதையோ தூக்கிட்டுப் போறாங்க. மோர்ட்டாரு."

"கழுகுக்கண்ணு மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் நியா சேங். "இரு, பாத்துட்டு வர்றேன்."

விமானம் உயரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு அவன் குரல் வந்தது. சிரிப்பு போயிருந்தது.

"மச்சான், முன்னாடி போற பொண்ணு கையில என்ன?"

"பொகை. யாருக்கோ சைகை காட்டறா."

"தீப்பந்தம் மச்சான். நல்லா வெளிச்சம் வந்தாச்சு. வெளிச்சத்துல யாரு பந்தம் புடிச்சுட்டு முன்னாடி நடப்பா?"

செத்தவருக்கு வழி காட்டத்தான் ஒரு பெண் பந்தம் பிடித்து முன்னால் நடப்பாள். தொடர்ந்து வரும் கெட்ட ஆவிகளை ஏமாற்றத்தான் நின்று நின்று, திரும்பித் திரும்பிப் போவார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இருந்தும் விடாமல் கேட்டேன். "காலையிலயா மாப்ளே?"

"பனி கலைஞ்சா நாங்க வந்துடறோமே. அப்புறம் அவங்க எப்பத்தான் பொதைப்பாங்க?"

எங்கள் விமானத்துக்குப் பயந்து அந்த ஊரில் சாவுக்கான நேரமே மாறிப்போயிருந்தது. அது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

கேப்டன் என் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினார். "நியா சேங், அது தாம் ஸே. பொணமாவே இருக்கட்டும். தூக்கறவன் எல்லாம் போன மாசம் நம்மள அடிச்சவன். ஒரே எடத்துல நாப்பது பேரு கெடைச்சிருக்கான். அடிக்கச் சொல்லு."

"பொம்பளைங்க, கொழந்தைங்க இருக்காங்க கேப்டன்."

"எங்க அக்காவும் பொம்பளைதான்."

ரேடியோ கரகரத்தது. கேப்டன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மூன்று காலையும் அவர் பின்னால் நடந்தவன் நான்.

"சரிங்க கேப்டன்," என்றான் நியா சேங். "சொல்றேன்."

மேலே அவன் ஹாலிஸிடம் ஆங்கிலத்தில் ஏதோ பேசியது லேசாகக் கேட்டது. விமானம் திரும்பி, மூக்கைத் தாழ்த்தி, எதிர்மேட்டை நோக்கிச் சரிந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். ராக்கெட் போகவில்லை. மரங்களை உரசுகிற மாதிரி அது அந்த வரிசைக்கு மேலே தாழப் பறந்தது. வரிசை சிதறிப் புதருக்குள் பாய்ந்தது. நான்கு பேர் மட்டும் ஓடவில்லை. தோளில் பாரத்தோடு வெட்டவெளியில் நின்றார்கள். பிணத்தை வழியில் போட்டுவிட்டு ஓடினால் செத்தவர் திசை தெரியாமல் அங்கேயே நின்றுவிடுவார். அவர்கள் சாகத் தயாராக நின்றார்கள், கீழே போடத் தயாராக இல்லை. மோர்ட்டார் தூக்கியவன் எவனும் அப்படி நிற்கமாட்டான். பந்தம் பிடித்த பெண்ணும் கொஞ்சம் முன்னால் நின்றாள், அவள் கையில் புகை ஆடிக்கொண்டிருந்தது. எதிராளி என்று பெயர் வைத்திருந்தவர்களைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கி வெடித்தது. விமானம் இறக்கையைச் சாய்த்து எழுந்து விலகிப் போனது.

"என்னய்யா ஆச்சு?" என்று கேப்டன் கத்தினார். "சுட்டானா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு நியா சேங் ரேடியோவில் வந்தான். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "மரியாதை வெடிங்க கேப்டன். சாவுல சுடறதுதானே. ஒன்னுமில்ல."

"அடிக்கச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"எறங்கு, பேசிக்கறேன். உன் சீட்டு இன்னையோட போச்சு."

"சரிங்க கேப்டன்." பிறகு என்னைக் கூப்பிட்டான். "மச்சான், இன்னைக்கு வீட்டுக்கு வந்துடுவேன். மாய் ஷுவாவை ஒரு சேவல் புடிச்சு வைக்கச் சொல்லு."

"ஏன், கோழி எறங்காதோ தொரைக்கு?" என்றேன்.

"இல்ல மச்சான். சேவல்."

அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தக் கிண்டல்தான். பன்னிரண்டு நிமிடம் கழித்து ஹாலிஸ் பின்னால் திரும்பிப் பார்த்தபோது அவன் தலை சாய்ந்திருந்ததாம். குண்டு விமானத்தின் தரையைத் துளைத்து, அரிசி மூட்டையைத் துளைத்து, அடிவயிற்றில் ஏறியிருந்தது. ஏதோ தட்டியதே, பட்டுவிட்டதா என்று அப்போதே ஹாலிஸ் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. சுட்டவனைத் திருப்பி அடிக்க ஹாலிஸுக்கே அதிகாரம் உண்டு. பெரிய விமானங்கள் பக்கத்து மலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

எங்கள் ஓடுதளத்தில் இறங்கியபோது உயிர் இருந்தது. மாய் ஷுவா ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். வலது கையில் ரேடியோ பொத்தானை அழுத்திய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. பத்து மணிக்குப் போய்விட்டான்.

ஹாலிஸ் அங்கேயே இருந்தார். துளை விழுந்த விமானத்தைச் சரிபார்க்க ஆள் வரும்வரை அவர் கிளம்ப முடியாது. நியா சேங்கைக் குளிப்பாட்டிச் சணல் சட்டை போட்டு வீட்டுச் சுவரோரமாகப் படுக்க வைத்திருந்தோம். ஹாலிஸ் வாசலில் குந்தியிருந்தார். எங்கள் மருந்துக்காரன் ஸெங்குக்கு ஆங்கிலம் தெரியும். அவனிடம் அவர் ஏதோ சொன்னார், சொல்லிவிட்டு உள்ளே இருந்த கேப்டனைப் பார்த்துத் தலைகுனிந்தார்.

"என்ன சொல்றாரு?" என்றார் கேப்டன்.

"உங்களுக்கு நன்றி சொல்றாருங்க."

"எனக்கா? எதுக்கு?"

ஸெங் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது சாவு ஊர்வலம், அடிக்க வேணாம்னு கேப்டன் சொல்றாருன்னு நியா சேங் இவர்கிட்ட சொல்லியிருக்கான். எதுக்கும் பாத்துடலாம்னு இவரு தாழப் பறந்திருக்காரு. நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் அடிச்சிருப்பேன், அந்தப் பாவம் என் தலையில விழுந்திருக்கும்னு சொல்றாரு."

வீட்டுக்குள் இருந்த முப்பது பேரும் கேப்டனைத் திரும்பிப் பார்த்தோம். கேப்டனின் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. சண்டைக் காலத்தில் கேப்டன் சொன்னதை மாற்றிச் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். செத்தவனை ஒன்றும் செய்ய முடியாது. இருப்பவள் மாய் ஷுவாவும் இரண்டு குழந்தைகளும். மேட்டில் யாருக்கு அரிசி மூட்டை, யார் இங்கே இருக்கலாம், யார் இறங்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் கேப்டன் வாயில் இருந்தது. எதிர்மேட்டில் உறவு இருக்கிறது என்று தெரிந்ததும் இரண்டு குடும்பங்களை முந்தைய வருடம் இறக்கி விட்டிருந்தார்கள். அவர்கள் காட்டில் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் வழிப்பாட்டுக்காரர் வந்து பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தார். எங்களில் ஒருவர் செத்தால் முதல் வேலை இந்தப் பாட்டுதான். உயிர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். கடைசியாக இருந்த ஊரிலிருந்து தொடங்கி, அதற்கு முன்னால் இருந்த ஊர், அதற்கும் முன்னால் இருந்த ஊர் என்று பின்னோக்கி நடந்து, பிறந்த வீட்டுக்குப் போகும். ஆண் பிள்ளையின் நஞ்சுக்கொடியை வீட்டின் நடுக்கம்பத்தின் கீழே புதைத்திருப்பார்கள். அதுதான் மனுஷனின் முதல் சட்டை. அதைத் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டால்தான் முன்னோர்களிடம் போக முடியும். ஓர் ஊர் விட்டுப்போனாலும், ஓர் ஊர் தப்பாகச் சொன்னாலும் வழி மாறிவிடும், உயிர் எப்போதும் அலைந்துகொண்டே இருக்கும். முன்னால் நடந்து வழிகாட்ட ஒரு சேவல் வேண்டும்.

மாய் ஷுவா சேவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் நான் சொன்னதும் அவள் பிடித்துக் கட்டிப் போட்டிருந்த அதே சேவல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசலுக்குப் போய் ஹாலிஸ் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

"இருந்த ஊரையெல்லாம் சொல்லும்மா," என்றார் வழிப்பாட்டுக்காரர்.

"பூ கேங்," என்றாள். அவர் பாடினார். இந்த ஊரில் நீ குடித்த தண்ணீருக்கு நன்றி சொல், எரித்த விறகுக்கு நன்றி சொல், நிலத்துக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பு.

"அதுக்கு முன்னாடி பெரிய தளம்." பாடினார். ஒவ்வோர் ஊராகச் சொல்லிக்கொண்டே போனாள். ஐந்து ஊர் ஆயிற்று. எல்லாம் எனக்குத் தெரிந்த ஊர்கள்தான்.

"அதுக்கு முன்னாடி? பொறந்த ஊரு?"

மாய் ஷுவா தலை நிமிர்ந்து கேப்டனைப் பார்த்தாள். அவர் கணப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் அவள் காதருகே குனிந்து, "நொங் ஹெட்னு சொல்லிடு தங்கச்சி," என்றேன். எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "கொழந்தைங்கள நெனச்சுக்கோ."

"அங்க போனா அவருக்குச் சட்டை இருக்காதுண்ணே," என்றாள். அதைக் காதோடு காதாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு வழிப்பாட்டுக்காரரிடம் திரும்பினாள். "தாம் ஸே. ஊருக்கு மேல்பக்கம், பீச் மரத்துக்குப் பின்னாடி இருக்கற வீடு. பதினாலு வயசு வரைக்கும் அங்கதான் இருந்தாரு."

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் புருஷன் எட்டு வருடம் மறைத்ததை, எந்த வாயைத் திறந்தால் அரிசி நிற்குமோ அந்த வாயாலேயே சொல்லிவிட்டு, என் தங்கை நேராக உட்கார்ந்திருந்தாள். எங்கள் மேட்டில் பதக்கம் வாங்கியவர்கள் பலர். அன்று அந்த வீட்டில் உட்கார்ந்திருந்த எவனும் அவள் கால் தூசிக்கு வரமாட்டான், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழிப்பாட்டுக்காரர் ஒரு நொடிதான் தயங்கினார். பிறகு அதே குரலில் பாடினார். தாம் ஸே ஊருக்கு வந்துவிட்டாய் நியா சேங், பீச் மரத்தைத் தாண்டு, நடுக்கம்பத்தின் கீழே தோண்டு, உன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்.

கேப்டன் எழுந்தார். ஹாலிஸைத் தாண்டி வெளியே போய்விட்டார். மேளமும் குழலும் தொடங்கின, மாலைவரை அவர் திரும்பி வரவில்லை. பாதி மேட்டுக்காரர்கள் மாய் ஷுவாவிடம் வந்து பேசினார்கள், மீதிப் பேர் தள்ளி நின்றார்கள். நாளைக்கு என்ன உத்தரவு வருமோ என்று நான் மூட்டை கட்டுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் காவலுக்கு மேலே ஏறினேன். சாவு வீடாக இருந்தாலும் வானிலை சொல்ல வேண்டுமே. வானம் கழுவி விட்டது மாதிரி இருந்தது. அந்த வருடம் முழுக்க அப்படியொரு தெளிவான காலையை நான் பார்க்கவில்லை. எதிர்மேட்டில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. நேற்றைய அதே சரிவில் மூன்று பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முதுகில் கூடை. கூடைக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சோறு, ஒரு கோழி. மூன்று காலைகளில் முதல் காலை.

ரேடியோ கூப்பிட்டது. பெரிய தளத்திலிருந்து புதுப் பையன் யாரோ, நியா சேங்கின் இருக்கைக்கு வந்தவன். "பூ கேங், வானிலை சொல்லுங்க. கெளம்பலாமா?"

பின்னால் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். இரவு தூங்காத கண். என் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி எதிர்மேட்டைப் பார்த்தார். அந்தக் கூடையை அவரும் பார்த்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நடப்பது நடக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினேன். "மூடுபனி. எதிர்மேடு கண்ணுக்கே தெரியல. வர வேணாம்."

வெயில் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கேப்டன் பைனாகுலரை இறக்கினார். அந்தத் தெளிந்த வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கும்னு சேத்துச் சொல்லிடு," என்றார்.